தாட்சாயிணி ஏறிய கூரைகள்

கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டிய எல்லையம்மன் நகரில் நூற்றுப் பத்து வீடுகள். பெரும்பாலும் ஒற்றை அறைதான். மேலே சிமெண்ட் ஷீட். அதற்கும் தலைக்கும் நடுவே வேறெதுவும் கிடையாது. கையை உயர்த்தினால் விரல் நுனி ஷீட்டில் படும். ஏப்ரலில் அப்படித் தொட்டவர்கள் உடனே கையை எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது தெருவில் இருந்த தாட்சாயிணிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை துப்புரவு வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஷெட் போடும் மேஸ்திரி ஒருவரிடம் சித்தாளாக இருந்தவள். ஷீட்டைத் தலையில் தூக்கிச் சாரத்தில் ஏறி மேலே கொடுப்பதுதான் அவள் வேலை. மேலே ஆள் குறைந்த நாட்களில் அவளே கூரையில் நடந்து போல்ட் முடுக்கியிருக்கிறாள். முழங்கால் வலி வந்த பிறகு அதை விட்டாள்.

அவள் கணவன் கஜபதி, இரும்புச் சாமான்களை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தும் பட்டறையில் பத்தொன்பது வருடம் நின்றவன். தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தான். அது ரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ரயிலேறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தான். படுக்கும் முன் எடை பார்ப்பார்கள், முடிந்து எழுந்த பின்னும் பார்ப்பார்கள். இரண்டையும் ஓர் அட்டையில் எழுதித் தருவார்கள். இடைப்பட்ட நாட்களில் உடம்பில் தேங்கும் தண்ணீர் இரண்டரை கிலோவைத் தாண்டக்கூடாது. அதனால் காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான்.

தாட்சாயிணி வேலைக்குக் கிளம்பும் முன் காபிக்கும் ரசத்துக்கும் கழித்தது போக மீதியை ஒரு பாட்டிலில் ஊற்றி அவன் தலைமாட்டில் வைப்பாள். மற்ற மாதங்களில் அது போதும். கோடையில் பகல் பதினொரு மணிக்கே பாட்டில் காலியாகிவிடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் தேவிப்பிரியா என்ற பெண் அந்த நகருக்கு வந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, படித்து முடித்து ஒரு கல்லூரியின் ஆராய்ச்சியில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தாள். கூரைக்கு மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு ஒன்றை அடித்தால் வீட்டுக்குள் எவ்வளவு சூடு குறைகிறது, இருப்பவர்களின் தூக்கம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறார்கள். எண்பது வீடுகள் எடுத்தார்கள். நாற்பது வீட்டுக்கு இந்தக் கோடையில் பூச்சு. மீதி நாற்பதுக்கு அடுத்த கோடையில். இரண்டையும் ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று தேவிப்பிரியா ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொன்னாள். அடுத்த வருடக்காரர்கள் அதுவரை கூரையில் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். தாட்சாயிணி கையெழுத்துப் போட்டாள்.

யாருக்கு எந்த வருடம் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். அம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடி நிற்க, நீலச் சீட்டு வந்தால் இந்த வருடம், மஞ்சள் வந்தால் அடுத்த வருடம். எதிர்வீட்டு சபீனாவுக்கு நீலம். தாட்சாயிணிக்கு மஞ்சள்.

"எங்கூட்ல சீக்காளி கீறாரு கண்ணு. மாத்திக் குடேன்," என்று அவள் கேட்டாள்.

"ஒருத்தருக்கு மாத்தினா குலுக்கினதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்க்கா," என்றாள் தேவிப்பிரியா. சொல்லும்போது அவள் தாட்சாயிணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் நாற்பது கூரைகள் வெள்ளையாயின. எண்பது வீடுகளின் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஆணியில் மாட்டினார்கள். மணிக்கு நான்கு தடவை அது தானாகச் சூட்டைப் பதிந்துகொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேவிப்பிரியா வந்து அதை மடிக்கணினியில் செருகி எடுத்துப்போவாள். கூடவே ரத்த அழுத்தம் பார்ப்பாள். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று கேட்டு எழுதுவாள்.

சபீனா நல்லவள். "அண்ணாத்தே, மத்தியானத்துல இங்க வந்து படு. எங்க வூட்டுக்காரு ஆட்டோ ஓட்டப் போயிடுறாரு, நான் முன்னாடி தச்சிகினு இருப்பேன்," என்று கூப்பிட்டாள். கஜபதி இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் போகவில்லை. அடுத்தவர் வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுக்க அவனுக்குக் கூச்சம். ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையில் ஒரு பழைய பேனரை விரித்து உட்கார்ந்துவிட்டு மாலையில் வரத் தொடங்கினான். மே முதல் வாரத்தில் டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அங்கேயே மயங்கிச் சரிந்தான். சுரங்கப்பாதை வாசலில் பூ விற்கும் அஞ்சலை பார்த்துவிட்டு ஆள் அனுப்பினாள். அதன் பிறகு தாட்சாயிணி அவனை வெளியே விடவில்லை.

மே பதினான்காம் தேதி அவள் வேலையிலிருந்து வந்தபோது பாட்டில் காலியாகக் கிடந்தது. கஜபதி கட்டிலில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தடுப்புக்குள், பக்கெட் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் மக்கு. தாடையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாய்யா பண்ற?"

"வாய் கொப்புளிச்சேன்மே."

அவள் பக்கெட்டைப் பார்த்தாள். காலையில் அவள் நிரப்பி வைத்ததில் கால்வாசி இல்லை. அவன் மக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட. திட்டுவதற்கென்று வாயெடுத்தவள் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்தாள். சுவரில் இருந்த கருவியில் எண் எதுவும் தெரியாது. உள்ளே எவ்வளவு சூடு என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று மூன்று மணிக்கு அந்த அறையில் நாற்பத்தொன்றரை டிகிரி இருந்ததாகப் பின்னால் தேவிப்பிரியா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அட்டையில் நாலு கிலோ முந்நூறு என்று ஏறியிருந்தது. அவ்வளவையும் ஒரே தடவையில் எடுத்ததில் அவனுக்குக் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. "இப்படியே போனா ஹார்ட் தாங்காதும்மா," என்றார் அங்கிருந்த டெக்னீஷியன்.

மறுநாள் அவள் அரை மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்தாள். டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அது கொதித்து அடங்கி ராத்திரி வரை ஊறியபின் பழைய வேட்டியில் வடிகட்டி, கல்லுப்பும் தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசையும் கலந்தாள். ஷீட் மேல் கால் வைக்க இரண்டு பலகைகளைப் பக்கத்துக் கட்டிடத்து வேலைக்காரர்களிடம் கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏறினாள். ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் அடியில் அதைத் தாங்கும் இரும்புக் குழாய் ஓடாத இடத்தில் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். போல்ட் தலைகள் ஒரே வரிசையில் தெரியும். அந்த வரிசைக்குக் கீழேதான் குழாய் இருக்கிறது. அதன்மேல் பலகையைக் குறுக்கே போட்டு, பலகைமேல் மட்டும் நடக்க வேண்டும். தாட்சாயிணி மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டாள். ஷீட் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று மேஸ்திரி சொல்லியிருந்ததால், முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுத்தான் பாசியைத் துடைப்பத்தால் தேய்த்தாள். பிறகு சுண்ணாம்பு, இரண்டு பூச்சு. ஒன்பது மணிக்கு இறங்கும்போது விரல் இடுக்குகள் வெந்திருந்தன; முழங்காலை மடக்க முடியவில்லை.

கஜபதி கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். பிற்பகலில், "பரவால்லம்மே. மூஞ்சில அடிக்கிற அனல் கொறஞ்சிகீது," என்றான். மாலை நான்கு மணிக்குப் பாட்டிலில் இன்னும் நாலு விரல் தண்ணீர் இருந்தது.

எட்டாம் நாள் தேவிப்பிரியா வந்தாள். கருவியை மடிக்கணினியில் செருகியவள் திரையைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கூரையைப் பார்த்தாள்.

"அக்கா, மேல என்ன அது?"

"சுண்ணாம்பு. நாந்தான் அடிச்சேன். எழுதிக்கோ."

"கூரையில எதுவும் பண்ணக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனேக்கா."

"சொன்ன. நானும் சரின்னேன். அது மார்ச் மாசம். மே மாசத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கி வந்து இங்க குந்திப் பாத்தியா நீ?"

தேவிப்பிரியா எப்போதும் காலை பத்து மணிக்கு முன்னாலேயே வந்து போய்விடுவாள். தாட்சாயிணி டயாலிசிஸ் அட்டையை எடுத்துக் காட்டினாள். நாலு முந்நூறு இருந்த இடத்துக்குக் கீழே மூணு கிலோ நூறு, அதற்கும் கீழே ரெண்டு கிலோ எண்ணூறு. தேவிப்பிரியா அதைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். விலகிக்கொண்ட வீடு என்று படிவத்தில் குறித்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே தெருவில் நான்காவது வீட்டில் தங்கராஜ் இருந்தான். ஒரு கூரியர் கம்பெனியில் மூட்டை இறக்குபவன். அவன் மனைவி வசந்தகுமாரி ஏழு மாதக் கர்ப்பிணி. தினமும் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். அவர்களுக்கும் மஞ்சள் சீட்டு. தாட்சாயிணி வீட்டில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான் தங்கராஜ். "பலக எடுத்துகினு போடா," என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அரைமணி நேரத்தில் தெருவே கேட்கும்படி ஒரு சத்தம். அவன் வலது கால் தொடை வரை ஷீட்டுக்குள் இறங்கியிருந்தது. வசந்தகுமாரி கீழே நின்று அலறினாள். அவள் காலடியில் ஷீட் துண்டுகள் கிடந்தன, நல்லவேளை ஒன்றும் மேலே விழவில்லை. தாட்சாயிணிதான் ஏறிப் பலகையைத் தள்ளி அவனை இழுத்து வெளியே எடுத்தாள். தொடையில் பதினாறு தையல். மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் வசந்தகுமாரி வந்து நின்றாள். "யக்கா, ஓட்டைய அடைச்சிட்டோம். நீயே வந்து அடிச்சிக் குடேன். அவரு மறுபடியும் ஏறுறேன்னு நிக்கிறாரு."

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். எல்லாம் மஞ்சள் சீட்டு. தாட்சாயிணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் வீட்டைத் தன் இஷ்டத்துக்கு வெள்ளையடித்தது ஒன்று. எல்லோர் வீட்டையும் அடித்தால் அந்தப் பெண் இரண்டு மாதமாக நடந்து நடந்து எழுதியதெல்லாம் வீணாகப் போகும். அடிக்காமல் விட்டால் இன்னொருத்தன் ஏறி விழுவான். அவள் தேவிப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"நாலு பேரு வந்து நிக்கிறாங்க கண்ணு. நான் இன்னா செய்யட்டும்?"

"அடிக்காதீங்கன்னு சொல்ல என்னால முடியாதுக்கா. சார்கிட்ட பேசிட்டு வரேன்," என்றாள் தேவிப்பிரியா.

இரண்டு நாள் கழித்து அவளோடு பேராசிரியர் ஸ்ரீராமும் வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். கோயில் பந்தலுக்கடியில் முப்பது பேர் கூடினார்கள். எல்லா வீட்டிலும் அடித்துவிட்டால் பூச்சினால் குறைந்ததா, மழை மேகத்தால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத ஆராய்ச்சியைக் காட்டி எந்த அரசாங்கத்திடமும் எதுவும் கேட்க முடியாது என்றார். தாட்சாயிணி எழுந்து அட்டையை நீட்டினாள். அவர் வாங்கி முழுவதும் படித்தார்.

"இது ஒருத்தருடைய கணக்கும்மா. பயந்துபோய் அவரே தண்ணியக் குறைச்சிருக்கலாம். அந்த வாரம் வெயில் குறைஞ்சிருக்கலாம்."

"இருக்கலாம் சார். ஆனா அவரு கொறைக்கல. தாகந்தான் கொறஞ்சிச்சி. பக்கத்துலயே கீற எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அதை எழுதிக் காட்டினா மத்தவங்க நம்பணும், அதுக்குத்தான் இவ்வளவும்," என்றார் அவர். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கிண்டலாகவோ கோபமாகவோ அவர் சொல்லவில்லை என்பதால் அவளுக்கும் கோபம் வரவில்லை.

பிறகு அவளே சொன்னாள். சீக்காளி இருக்கிற வீடு, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு இவற்றுக்கு மட்டும் தன் கையால் அடித்துத் தருவதாகவும், எந்தத் தேதியில் எந்த வீடு என்று முன்கூட்டியே தேவிப்பிரியாவிடம் சொல்லிவிடுவதாகவும். மற்றவர்கள் அவரவர் இஷ்டம். ஸ்ரீராம் சிறிது யோசித்துவிட்டுச் சம்மதித்தார். விலகினாலும் அடுத்த வருடத்துப் பூச்சு எல்லோருக்கும் உண்டு என்றும் சொன்னார்.

ஏழு வீடுகள் விலகின. தாட்சாயிணி வீட்டோடு எட்டு. மீதி முப்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் அப்படியே இருந்தார்கள். அவர்களில் பேபி என்பவள் பந்தலிலேயே எழுந்து, "நாங்க தாங்கிக்கிறோம். ரிப்போட்டு நல்லா வந்தா கவர்மெண்ட்டு எல்லாருக்கும் அடிச்சிக் குடுக்குமில்ல?" என்று கேட்டாள். "அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார் ஸ்ரீராம். பேபி அதற்குப் பிறகும் விலகவில்லை.

வசந்தகுமாரிக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. அக்டோபரில் மழை பிடித்ததும் எட்டுக் கூரைகளிலும் இருந்த சுண்ணாம்பு கரைந்து தெருவில் பால் மாதிரி ஓடியது. தீபாவளிக்குள் கூரைகள் பழைய சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன.

அடுத்த பிப்ரவரியில் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். முதல் நாளே ஒருவன் ஒரு ஷீட்டை உடைத்தான். தேவிப்பிரியா தாட்சாயிணியின் வீட்டுக்கு வந்து, நீங்கள் அவர்களுக்கு நடக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாள். கற்றுத்தர அவளுக்குப் பொறுமை இல்லை. கம்பெனியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டுத் தானே ஏறினாள். நாற்பது கூரைகளில் முப்பத்தொன்று அவள் அடித்தது. இந்தப் பூச்சு சுண்ணாம்பு மாதிரி கையைப் பொத்தலாக்கவில்லை. ஆனால் வெயில் ஏறியபின் அதன் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சபீனா தன் வீட்டுக்காரரின் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் ஸ்ரீராம் மறுபடியும் வந்து பந்தலுக்கடியில் முடிவைச் சொன்னார். பூச்சு அடித்த வீடுகளில் நடுப்பகலில் சராசரியாக இரண்டரை டிகிரி குறைவு. இரவுத் தூக்கம் அரைமணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் கூடியிருக்கிறது. ரத்த அழுத்தத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

"ப்ரஷர்ல ஒண்ணும் இல்லியா?" என்று கஜபதி கேட்டான்.

"இல்லவே இல்லைன்னு அர்த்தமில்ல. எங்களால பார்க்க முடியல. வீடுகளும் கம்மி, காலமும் கம்மி."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. இவ்வளவு நாள் கையில் பட்டை கட்டிப் பார்த்ததற்கு இதுதானா என்று தங்கராஜ் சலித்துக்கொண்டான். "தூங்குறமில்ல, அது போதாதா?" என்றாள் வசந்தகுமாரி, இடுப்பில் குழந்தையோடு. தன் எட்டு வீடுகளால்தான் கணக்குக் குறைந்ததோ என்று தாட்சாயிணிக்கு உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் தேவிப்பிரியாவிடம் அதைக் கேட்டாள்.

"கொஞ்சம் அதனாலயும்தான்க்கா," என்றாள் தேவிப்பிரியா. பொய் சொல்லாமல் சொன்னாளே என்று தாட்சாயிணிக்கு அவள்மேல் மதிப்புக் கூடியது.

கஜபதிக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதயம் கொஞ்சம் வீங்கியிருப்பதாக எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. கூரையைப் பற்றிக் கேட்டால், "அது கீறதாலதான் நான் கீறேன்," என்று எல்லோரிடமும் சொல்கிறான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

தாட்சாயிணி கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். யாரோ சொல்லி யாரோ கேட்டு, பருத்திப்பட்டு, பட்டாபிராம் பக்கமெல்லாம் கூரை அடிக்கக் கூப்பிடுகிறார்கள். துணைக்குப் பூக்கார அஞ்சலை போகிறாள். கீழே நின்று பலகையும் வாளியும் எடுத்துக் கொடுப்பாள்.

சென்ற மார்ச்சில் நசரத்பேட்டையிலிருந்து திருவேங்கடம் என்பவர் கூப்பிட்டார். நெடுஞ்சாலைக்குப் பின்னால் வடக்கத்தித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் பதினெட்டு அறைகள், ஒரே நீளக் கூரை. தாட்சாயிணி ஏணியில் ஏறி விளிம்பிலேயே நின்று பார்த்தாள். விரலால் ஒரு ஷீட்டைத் தட்டினாள். பிறகு இறங்கிவிட்டாள்.

"இன்னாம்மா, ஏறலியா?"

"ஏற மாட்டேன் நைனா. அந்தக் கோடியில எட்டு ஷீட்டு கீறல் வுட்டுகீது. நான் ஏறினாலும் ஒடையும், அடுத்த மழைக்கி அதுவே ஒடையும். கீழ ஆளுங்க படுத்துகினு கீறாங்க. மொதல்ல அத மாத்து."

"பெயிண்ட் அடிக்கத்தானே உன்னக் கூப்ட்டேன்."

"அதுக்குத்தான் வந்தேன். மாத்திட்டுக் கூப்பிடு, வரேன்."

திருவேங்கடம் முகத்தைச் சுளித்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தாட்சாயிணியும் அஞ்சலையும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்து, எட்டு இல்லை, பதினொரு ஷீட் மாற்றியாகிவிட்டது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் இருவரும் போனார்கள்.